பத்தியம் மீறாதவர்

கார்த்தி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். புதன்கிழமை போனில் உன் குரலிலேயே அது தெரிந்தது. அப்பா போன இந்த ஒரு வருடத்தில் நீ அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. டப்பா வந்துவிட்டதாம், லேபிளில் அப்பாவின் படம் பளிச்சென்று விழுந்திருக்கிறதாம். "ஞாயித்துக்கிழமை தெறப்பு விழாம்மா. நீ மேடையில ரெண்டே ரெண்டு வார்த்தை பேசு போதும். என் கண்ணால பார்த்தேன், சுகர் கொறஞ்சுதுன்னு சொல்லு" என்றாய். நான் "பார்க்கலாம்" என்றேன். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசியவளுக்கு இரண்டு வார்த்தை என்ன பெரிய காரியம் என்று நீ நினைத்திருப்பாய். நீ கேட்ட அந்த இரண்டு வார்த்தையை நான் ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன் கார்த்தி. அதைச் சொன்னதால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்மேல் கோபப்படு.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தடவை படித்தேன். சிறுகுறிஞ்சான் சூரணம். சித்தேரி மலை இலை. ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. காலை மாலை அரை ஸ்பூன். மாத்திரை இல்லாத வாழ்க்கை. கடைசி வரி உன் சினேகிதன் யோசித்தது என்று பெருமையாகச் சொன்னாய். மற்றதெல்லாம் அப்பாவின் ஆய்வு நோட்டிலிருந்து எடுத்தது. திதிக்கு வந்தபோது பீரோவைத் திறந்து, அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அம்மா, அப்பாவோட மொத்த ஆராய்ச்சிக்கும் உயிரே அந்த நபர் பதினாலுதான்" என்று சொன்னாய். "என்ன ஒரு கிராஃப் தெரியுமா, படிக்கட்டுல எறங்குற மாதிரி எறங்குது." நோட்டில் பெயர்கள் கிடையாது, எண்தான். நபர் 14, பெண், வயது நாற்பத்தெட்டு, நல்லம்பள்ளி. இவ்வளவும் எழுதியிருந்தும் உனக்கு யாருடைய ஞாபகமும் வரவில்லையா? பயோடெக்னாலஜி படித்து, பெங்களூரில் ஐந்து வருடம் வேலை பார்த்து, அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிற பிள்ளை நீ. நல்லம்பள்ளியில் அந்த வயதில், சர்க்கரை நோயோடு, வாரா வாரம் காலையில் உன் அப்பாவுக்கு விரலை நீட்ட யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான்தான் நபர் 14. என் படிக்கட்டில்தான் நீ கடை திறக்கப் போகிறாய். அந்தப் படிக்கட்டு பொய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலை பொய்யில்லை. உனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா ஒரு சிறுகுறிஞ்சான் இலையை உன் வாயில் போட்டு மெல்லச் சொன்னார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றாய். பிறகு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார். "அம்மா, வெல்லம் மண்ணாயிடுச்சு" என்று நீ போட்ட கூப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அப்பா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த இலை நாக்கை ஏமாற்றும், அதில் சந்தேகமே இல்லை. ரத்தத்தில் என்ன செய்யும், எவ்வளவு செய்யும், யாருக்குச் செய்யும் என்பதுதான் கேள்வி. உன் அப்பா நல்ல கேள்வியைத்தான் கேட்டார். அவர் திருடரும் இல்லை, பணத்தாசைக்காரரும் இல்லை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமையானால் மலை பஸ் ஏறிச் சித்தேரிக்குப் போய், அலைந்து இலை பறித்து வந்தார். கூடத்தில் ஃபேனுக்குக் கீழே செய்தித்தாள் விரித்து நிழலில் உலர்த்தினார். மாதக்கணக்கில் நாம் அதை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தது உனக்கு நினைவிருக்கும். விடை வரும்வரை காத்திருக்கிற பொறுமைதான் அவருக்கு இல்லாமல் போயிற்று.

மலையிலும் இங்கேயும் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போய், மொத்தம் இருபது பேருக்கு மேல் பிடித்தார். எல்லோரும் சர்க்கரைக்காரர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள். முதல் காரியமாக மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "ரெண்டு மருந்தையும் சேர்த்துத் தின்னா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஒரு டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அல்லவா அந்தப் பேச்சைப் பேச வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. பிறகு பத்தியம். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, விசேஷ வீட்டுச் சாப்பாடு கூடாது. வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் விரலைக் குத்தி மெஷினில் பார்த்து நோட்டில் எழுதுவார். குறைந்தால் நீல மை. குறையவில்லை என்றால் விசாரணை. நம் ஊர்ப் பக்கம் எந்த வைத்தியத்துக்கும் உள்ள வழக்கம்தான் அது. மருந்து கேட்கவில்லை என்றால் பத்தியம் தவறியிருக்கும். மருந்தின் மேல் குற்றம் வரவே வராது. உன் அப்பா அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆய்வு நோட்டில் வைத்துவிட்டார்.

ஒரு விடுமுறையில் நானும் அவரோடு சித்தேரிக்குப் போனேன். ஒரு அம்மாள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், சாமைக் கொல்லையிலிருந்து மண் ஒட்டிய காலோடு வந்து விரலை நீட்டினாள். சர்க்கரை ஏறியிருந்தது. "என்னம்மா தின்னீங்க?" என்று அதட்டலாகக் கேட்டார். "ஒண்ணும் தின்னலீங்க. களியும் கீரையுந்தானுங்க." "பொய் சொல்லாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க." அந்த அம்மாள் யோசித்தாள். யோசிக்கச் சொன்னால் யாருக்கும் ஏதாவது ஒன்று அகப்படும். "மாரியாயி பண்டிகைக்கு ஒரு கை பொங்கல் தின்னேனுங்க சாமி" என்றாள். அது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. உன் அப்பா சிவப்புப் பேனாவை எடுத்து அவள் எண்ணின் மேல் கோடு போட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் 'பத்தியம் மீறினார்' என்று எழுதினார். அவள் எழுத்துப் படிக்காதவள், ஆனால் சிவப்புக் கோடு என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவளை மறுபடி மாத்திரை சாப்பிடச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. இப்படி மருந்து கேட்காதவர்களின் எண்ணை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கேட்டவர்கள்தானே மிஞ்சுவார்கள்? ஃபெயிலான பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு என் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று நான் சொல்லியிருந்தால் தலைமை ஆசிரியர் சும்மா விட்டிருப்பாரா?

என்னைச் சேர்த்தது பாதியில்தான். ஆட்கள் குறைந்துகொண்டே வந்ததால் வீட்டிலேயே ஒரு விரல் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. நானும் சந்தோஷமாகத்தான் சேர்ந்தேன். மாத்திரையை நிறுத்தினேன், பொடியைக் குடித்தேன், பத்தியத்தை ஒரு மயிரிழை தவறாமல் காத்தேன். பள்ளியில் சக ஆசிரியை பிறந்தநாளுக்குக் கொடுத்த மிட்டாயைக்கூடப் பிரிக்காமல் ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன். இரண்டு மாதம். சர்க்கரை இறங்கவில்லை, ஏறிற்று. முதல் வாரம் "பொறு" என்றார். அப்புறம் முறைத்தார். அப்புறம் நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் என் கைப்பையைத் திறந்து பார்த்திருக்கிறார். நான் வைக்கிற மாதிரி அது இல்லாததிலிருந்தே தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலையில் மெஷினைப் பார்த்துவிட்டு, "உனக்கு நாக்கு நீளம். என் வேலையைக் கெடுக்கணும்னே திங்குற" என்றார். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். வீட்டில் நாங்கள் இருவர்தான். பதினோரு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிற சத்தம்தான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

பன்னிரண்டாவது நாள் பள்ளியிலிருந்து வருகிற வழியில் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த நர்சம்மாவின் பெண் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். "சாருக்குத் தெரியாம எதுக்குங்க டீச்சர்?" என்று நர்சம்மா கேட்டாள். "தெரிஞ்சா வெசனப்படுவாரும்மா" என்றேன். மாத்திரையைக் கொடுத்தாள். அதை எங்கே வைப்பது? எங்கள் கட்டில், பீரோ, கைப்பை எல்லாம் அவர் கை படுகிற இடங்கள். அவர் கை படாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, புளிச் சாடி. பத்தியத்துக்கு ஆகாத பொருள் என்று அவரே அதை மூடிக் கட்டி அடுக்களைப் பரணில் ஏற்றச் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு பாலித்தீன் பையில் சுற்றி வைத்தேன். காலையில் அவர் குளிக்கப் போனதும் முக்காலி போட்டு ஏறி எடுத்து விழுங்குவேன். விரலில் புளி வாசம் வராமல் சாம்பல் போட்டுக் கழுவுவேன். அவர் கொடுத்த பொடியையும் விடவில்லை. அதையும் அவர் எதிரிலேயே குடித்தேன்.

சர்க்கரை இறங்கியது. நீ பார்த்தாயே படிக்கட்டு, அது அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் முறை மெஷினைப் பார்த்துவிட்டு உன் அப்பா என் முகத்தைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான புதிதில்கூட நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவரே காபி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போடாமல். மாலையில் என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். உண்மையாக இருந்தவரை என்னைப் பொய்க்காரி என்றார். பொய் சொன்ன நாளிலிருந்து நான் ஆதாரம் ஆகிவிட்டேன். பயந்துகொண்டு சொல்லாமல் விட்டேன் என்று எழுதினால் உனக்கு என்மேல் இரக்கம் வரும். அது முழு உண்மையில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. இருபத்துச் சொச்சம் வருடத்துக்குப் பிறகு அந்த மனுஷன் என்னைக் கவனித்துப் பார்க்கிறார் என்ற சுகத்துக்காக மாத்திரையை விழுங்கினேன். உனக்கும் கல்யாணமாகிவிட்டது, ஒன்று சொல்கிறேன் கேட்டுக்கொள். உன் மனைவி எப்போதும் உனக்குப் பிடித்த பதிலையே சொல்கிறாள் என்றால் சந்தோஷப்படாதே. பிடிக்காத பதிலைச் சொன்னால் நீ எப்படி முகத்தை வைத்துக்கொள்கிறாய் என்று கண்ணாடியில் பார்.

இன்னொன்று கேள். உன் லேபிளில் அரை ஸ்பூன் என்று போட்டிருக்கிறாயே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அதுவரை எல்லோருக்கும் முழு ஸ்பூன்தான். ஒரு நாள் பள்ளியில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் வியர்த்து, சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். சத்துணவுக்கார அம்மாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன். காலையில் வயிறு சரியில்லாமல் சாப்பிடவில்லை, ஆனால் மாத்திரையை மட்டும் போட்டிருந்தேன். அதுதான் காரணம். விஷயம் கேட்டு ஓடி வந்த உன் அப்பாவுக்குப் பதற்றத்தைவிடப் பெருமைதான் அதிகம். 'மருந்தின் வீரியம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அளவைப் பாதியாகக் குறைக்கலாம்' என்று எழுதினார். நீ டப்பாவில் அச்சடித்திருப்பது சுகாதார நிலையத்து மாத்திரையின் வீரியத்தை. அதைப் பார்த்து இலையின் அளவை வைத்திருக்கிறாய்.

இதுவரை சொன்னதோடு முடிந்திருந்தால் இது ஒரு புருஷன் பெண்டாட்டி கதை. நான் சாகும்போது என்னோடு போயிருக்கும். உன் நாகராஜன் மாமா வந்தார். என் கூடப் பிறந்த ஒரே அண்ணன். தீர்த்தமலை அடிவாரத்தில் மரவள்ளியும் மஞ்சளும் போட்டுக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவர். வருடா வருடம் மாசி மகத்துக்கு மலையை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கி, நமக்குத் தீர்த்தம் பிடித்து வருவாரே, அவர்தான். அவருக்கும் சர்க்கரை. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டவர். கல்லூரிக் கருத்தரங்க மலரில் உன் அப்பாவின் கட்டுரை வந்த சமயம், கறிவேப்பிலைக் கட்டும் ஒரு சிப்பம் கிழங்குமாகப் பார்க்க வந்தார். கூடத்தில் உட்கார வைத்து உன் அப்பா நோட்டைக் காட்டினார், படிக்கட்டைக் காட்டினார். "யாரு மாப்பிள்ள இந்தப் பதினாலு?" என்று மாமா கேட்க, அவர் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ உள்ளே வந்தார் மாமா. துண்டை நீட்டினேன். வாங்காமல் நின்றார். குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ள சொல்றது இருக்கட்டும் பாப்பா. படிச்சவங்க ஆயிரம் சொல்வாங்க. நீ சொல்லு. நெசமாலுமே இந்தப் பொடியிலதான் கொறஞ்சுதா?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே பரண். பரணில் சாடி. கூடத்தில் உன் அப்பா பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றது. அவரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரே ஒரு நொடிதான் கார்த்தி. வாயால் சொல்ல முடியாவிட்டால் கண்ணை மேலே காட்டியிருக்கலாம். பிறகு வந்து சொல்கிறேன் அண்ணா என்றாவது சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணா, இதுலதான்" என்றேன். நீ ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்கிற இரண்டு வார்த்தை. மாமாவின் முகம் தெளிந்தது. "ஒம் பேச்சு போதும் பாப்பா" என்று துண்டை வாங்கிக்கொண்டார். அன்றைக்கே அரை ஸ்பூன் கணக்கில் பொடி கட்டிக் கொடுத்தனுப்பினோம். அவர் மாத்திரையை நிறுத்தியதும் அன்றைக்குத்தான்.

ஏழெட்டு மாதம் போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றார். நானும் அதை நம்புவதற்குப் பாடுபட்டேன். அவர் மெஷின் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். செருப்புக் கடித்த சின்னப் புண்ணோடு ஆரம்பித்தது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். வலி தெரியவில்லை, அதனால் ஆறுகிறது என்று நினைத்துவிட்டார். தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பாதத்தை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு படுத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், ஏதோ தப்புச் செய்த பிள்ளைபோல என்னைப் பார்த்தார். "ஒனக்குக் கேட்ட மருந்து எனக்கு மட்டும் ஏன் பாப்பா கேக்கல? நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். ஆடியில ஒரு நா, ஒங்க அண்ணி வூட்டுல இல்லாதப்ப, புளி ரசம் ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டேன். அதாந் தப்பாப் போச்சு. மாப்பிள்ளகிட்ட சொல்லிராத, கோவிச்சுக்குவாரு" என்றார்.

நான் சொல்லவில்லை. அப்போதும் அண்ணனிடம் உண்மையைச் சொல்லவில்லை. காலை இழந்து கிடக்கிற மனுஷனிடம் உன் கால் போனது என் பொய்யால் என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். இன்னும் ஒரு வருடம் இருந்தார். அடுத்த மாசி மகத்துக்கு மலையைப் பார்த்தபடி வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்ததாக அண்ணி சொன்னாள். அப்புறம் சிறுநீரகம் போயிற்று, அவரும் போனார். இரண்டு கரண்டி ரசத்தைக் குற்றமாகச் சுமந்துகொண்டு போனார். என் புளிச் சாடியில் மாத்திரை இருந்தது. நான் பிழைத்தேன். இன்றைக்கும் வேளை தவறாமல் அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்பாய். தெரியும். மாமாவின் காலை எடுத்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், முக்காலி போட்டு ஏறிச் சாடியை இறக்கி, அவர் முன்னால் மேசைமேல் வைத்து, உள்ளே கையை விட்டு மாத்திரைப் பையை எடுத்துக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். "நர்சம்மாவுக்கு." "அவங்க சொல்ல மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். நோட்டைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு சித்தேரி பஸ்ஸில் அவர் ஏறவே இல்லை. அங்கே போய், மறுபடி மாத்திரை சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஒரு கை பொங்கலுக்காக ஒரு மனுஷியின் எண்ணை அடித்தவர், நபர் 14-ஐ மட்டும் அடிக்கவில்லை. சிவப்புப் பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. பணி ஓய்வு விழாவில் அந்த ஆய்வைப் பற்றி ஆளாளுக்குப் புகழ்ந்தபோது தலைகுனிந்து நின்றாரே, அடக்கம் என்று நீ போட்டோ எடுத்தாய். அந்தப் போட்டோதான் இப்போது டப்பாவில் இருக்கிறது.

செத்தவரைப் பற்றி இப்படி எழுதுகிறாளே என்று உனக்கு எரியும். எரியட்டும். அவரைப் பற்றி எழுதியதைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், திரும்பப் படித்துப் பார். அவரை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது. சில நாள் காலையில் விரலைக் குத்தும்போது அவர்மேல் பிரியமாகக்கூட இருக்கிறது. ஆனால் டப்பாவில் அவர் முகத்தைப் பார்த்து யாரோ ஒரு மனுஷன் மாத்திரையை நிறுத்தப் போகிறான். அவன் வீட்டு அடுக்களையில் சாடியும் இருக்காது, உண்மையைச் சொல்ல ஆளும் இருக்காது. காலில் புண் வந்த பிறகு அவனும் உட்கார்ந்து, எங்கே பத்தியம் தவறினேன் என்று யோசிப்பான். யோசித்தால் அகப்படும். அவனுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

இலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அதில் ஏதோ இருக்கிறது, உன் நாக்கே சாட்சி. உண்மையாகவே ஆய்வு செய். டாக்டர்களோடு சேர்ந்து செய், யாருடைய மாத்திரையையும் பிடுங்காமல் செய், எத்தனை வருடம் ஆனாலும் செய். மருந்து கேட்காதவர்களையும் கடைசிவரை கணக்கில் வை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. "கேக்கலீங்க" என்று உன்னிடம் ஒருவர் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். அதற்கு உன் முகத்தில் இடம் இருக்க வேண்டும். உன் அப்பாவிடம் மெஷின் இருந்தது, நோட்டு இருந்தது, இரண்டு நிறப் பேனா இருந்தது, அந்த இடம் மட்டும் இல்லை. அது உன்னிடம் இருக்கிறதா என்பது இந்தக் கடிதத்தை நீ எப்படி எடுத்துக்கொள்கிறாய் என்பதிலேயே தெரிந்துவிடும்.

டப்பாவை நிறுத்து. பணம் போட்டாயிற்று, ஆட்களைக் கூப்பிட்டாயிற்று என்று சொல்லாதே. நிறுத்து. நிறுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை மேடை போட்டால் நான் கட்டாயம் வருவேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்காருவேன். மைக்கைக் கொடுத்தால் பேசுவேன். என்ன பேசுவேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நோட்டையும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். அப்பாவின் சிவப்புப் பேனாவில் மை காய்ந்துவிட்டிருந்தது. கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்து நபர் 14-ஐ நானே அடித்துவிட்டேன். பிள்ளைகள் நோட்டைத் திருத்திப் பழகிய கை, கோடு நேராகத்தான் விழுந்தது. குறிப்பு என்ற கட்டத்தில், 'மாத்திரை சாப்பிட்டாள், மறைத்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி காலியாக இருந்தது. அதில் உன் மாமாவைச் சேர்த்திருக்கிறேன். அவருக்கு எண் போட மனம் வரவில்லை, பெயரையே எழுதினேன். நாகராஜன், ஆண், வயது ஐம்பத்தாறு, தீர்த்தமலை. அரை ஸ்பூன், இரு வேளை. சர்க்கரை குறையவில்லை. பத்தியம் மீறவில்லை.

அம்மா